மீன் தொட்டிச் சாமான்களைக் கழுவுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வெள்ளைப் புள்ளி நோய் வந்து மீனெல்லாம் போயிடுச்சு. தொட்டி, வலை, ஹோஸ் எல்லாத்தையும் ப்ளீச் போட்டுக் கழுவலாமா?

பதில்: தாராளமா. வாசனையோ சோப்போ கலக்காத ப்ளீச்சா மட்டும் பார்த்து வாங்குங்க. முதல்ல பாசி, வழவழப்பு எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துடணும். அழுக்கு இருந்தா குளோரின் அதுலயே வீணாகிடும். 950 மி.லி. தண்ணீருக்கு 50 மி.லி. ப்ளீச். அதுல 15 நிமிஷம் ஊறட்டும், கையில உறை, ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்புறம் நாலஞ்சு தடவை அலசி, ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்கிற மருந்து) கொஞ்சம் கூடுதலா விட்ட தண்ணீரில் போட்டு வைங்க. எடுத்து மூக்குக்கிட்ட பிடிச்சா ப்ளீச் வாசம் துளியும் வரக்கூடாது. வந்தா மறுபடி ஊற வைங்க. கடைசியா நல்லா காயணும். மரக்கட்டைக்கு ப்ளீச் வேண்டாம், உள்ளே உறிஞ்சி வெச்சுக்கும். கொதிக்க வெச்சு எடுங்க. காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் கல்லும் அப்படித்தான் உறிஞ்சும். பத்து இருபது ரூபா சாமான், புதுசு வாங்கிடுங்க.

கேள்வி: எங்க வீட்டுல போர் தண்ணி சார். கண்ணாடி மேல் விளிம்புலயும் மோட்டார்லயும் வெள்ளையா உப்பு படியுது. டாய்லெட் கழுவுற ஆசிட் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், வினிகர் போதும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மோட்டாரை பிளக்கிலிருந்து எடுத்துட்டு, உள்ளே சுத்துற காந்த விசிறியைக் கழற்றி அரை மணி நேரம் போட்டு வைங்க. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா உதிர்ந்துடும். தொட்டி விளிம்புக்கு, தண்ணீரை இறக்கிட்டு வினிகரில் நனைச்ச துணியை ஒட்டி வைங்க. சொட்டு உள்ளே விழாம பார்த்துக்கோங்க.

ஒண்ணு முக்கியம். வினிகரும் ப்ளீச்சும் ஒரே வாளியில சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு திணறும். ஒண்ணு போட்டா, நல்லா அலசின பிறகுதான் இன்னொண்ணு.

கேள்வி: பாத்திரம் கழுவுற சோப்பு, டெட்டால்?

பதில்: ரெண்டுமே கூடாது. சோப்பு செவுளைக் கெடுக்கும், டெட்டால் மீனுக்கு விஷம்.

கேள்வி: வாரா வாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாயடியில பளிச்சுன்னு கழுவுறேன். ஆனாலும் தண்ணி கலங்குது, ஏன்?

பதில்: பளிச்சுன்னு கழுவுறதாலதான். மீன் கழிவுல வர்ற அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா குடியிருக்கிற இடமே அந்த ஸ்பாஞ்ச்தான், குழாய்த் தண்ணீரோட குளோரின் அதைக் கொன்னுடுது. தண்ணீர் மாத்தும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ரெண்டு பிழி பிழிஞ்சு மாட்டுங்க, பழுப்பா இருந்தா இருக்கட்டும். நோய் வந்த தொட்டின்னா மட்டும் ஸ்பாஞ்சை மாத்திடுங்க. அப்போ பாக்டீரியா முதலிலிருந்து உருவாகணும், அதனால உடனே நிறைய மீன் விடாதீங்க.

கேள்வி: மீன் ஒண்ணு மெலிஞ்சு, முதுகு வளைஞ்சு செத்துச்சு. காசநோய்னு கடைக்காரர் சொல்றார்.

பதில்: அதுவா இருந்தா ப்ளீச்சை மட்டும் நம்ப முடியாது, அந்தக் கிருமி தாக்குப்பிடிக்கும். வலை, ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்க. கண்ணாடியைக் கழுவிக் காயவெச்சு, 70 சதவீத ஆல்கஹாலால துடைங்க, பக்கத்துல தீ இருக்கக்கூடாது. கையில வெட்டுக்காயம் இருந்தா தொட்டியில கை விடாதீங்க. மனுஷங்களுக்கும் தோல்ல கட்டி வரும், ஆறாத புண்ணா இருந்தா டாக்டர்கிட்ட மீன் தொட்டி விஷயத்தைச் சொல்லிடுங்க.