பூ எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு பிரான்ஸ் போயிருந்தபோது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். ஓவியர் பிஸாரோவின் ‘காய்கறித் தோட்டம், பூத்த மரங்கள், வசந்தம், போந்துவாஸ்’ ஓவியத்தை ஆசையோடு கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பூகூடத் தெரியவில்லை. வெள்ளைச் சாயத்தை அப்பி வைத்ததுபோல் இருந்தது. வசந்தகாலத் தோட்டம் என்கிறார்கள், கீழே பார்த்தால் காய்கறிப் பாத்தி. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

கு., மதுரை

அன்புள்ள கு.,

நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். அந்த வெள்ளை அப்பலும் காய்கறிப் பாத்தியும்தான் எனக்கு அந்த ஓவியத்தில் உயிர்.

பழமரத்தில் பூ அதிக நாள் நிற்காது. ஒரு மழை, ஒரு பலத்த காற்று போதும், தரை வெளுத்துவிடும். இதழ் இதழாக எழுதிக்கொண்டிருந்தால் மரம் காத்திருக்குமா? அதோடு, இருபதடி தள்ளி நிற்கும் பூத்த மரத்தில் யார் கண்ணுக்கும் இதழ் தெரிவதில்லை. கிளைகளுக்குள் வெளிச்சம் சிக்கிக்கொண்டதுபோல்தான் தெரியும். பிஸாரோ தீட்டியது அதைத்தான். சின்னச் சின்னத் தீற்றல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. நடுநடுவே பின்னாலிருக்கும் பச்சையும் நீலமும் எட்டிப் பார்க்கும். மரம் அசைவதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

பாத்திக்கு வருகிறேன். 1874-இல் இம்ப்ரஷனிஸ்டுகளின் (கணநேர ஒளியைத் தீற்றல்களில் பிடிக்க முயன்ற ஓவியர்கள்; பிஸாரோவும் அவர்களில் ஒருவர்) முதல் கண்காட்சி நடந்தபோது, அவர்களை மதித்து எழுதிய விமர்சகர் காஸ்தன்யாரிகூட, பிஸாரோவுக்குக் காய்கறித் தோட்டத்தின் மேல் இப்படி ஒரு மோகமா, முட்டைக்கோஸை வரையக்கூடத் தயங்கமாட்டேன் என்கிறாரே என்று குறைப்பட்டார். மூன்று வருடம் கழித்து, 1877-இல், மனிதர் மறுபடி ஒரு காய்கறிப் பாத்தி முன்னால் நின்று நீங்கள் பார்த்த ஓவியத்தைத் தீட்டுகிறார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. 1870-இல் பிரான்சுக்கும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் மூண்ட போரில் லூவ்சியென் ஊரில் அவர் வீட்டைப் பிரஷ்யப் படையினர் பிடித்துக்கொண்டு, பல வருட ஓவியங்களை நாசமாக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர் அவர். மேலே பூ, கீழே உழைப்பு; இரண்டும் அவருக்கு ஒரே தோட்டம்தான்.

அதே வருடம் அதே இடத்தில் பக்கத்தில் நின்று அவருடைய ஓவிய நண்பர் செசானும் வரைந்தார். இணையத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செசானிடம் சுவரும் கூரையும் கட்டைகளை அடுக்கியதுபோல் உறுதியாக நிற்கும். பிஸாரோவிடம் எல்லாம் மினுங்கும்.

நீங்கள் பார்த்த ஓவியம் சக ஓவியரான கைபோத்திடம் இருந்தது. 1894-இல் இறந்த அவர் தன் சேகரிப்பை அரசுக்கு எழுதிவைத்தார். அரசு அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்றது. நல்லவேளை, இது அதில் இருந்தது.

மறுபடி மகள் வீட்டுக்குப் போவீர்கள்தானே? இந்த முறை ஏழெட்டு அடி பின்னால் நின்று தொடங்குங்கள். பிறகு மெல்ல நெருங்குங்கள். எந்த அடியில் பூ சாயமாகிறது என்று எனக்கு எழுதுங்கள்.