பேச்சுவார்த்தை இழுபட்ட காலத்தில் ஹொங்கொங் தாங்கியது எப்படி?

தங்கச்சி, திருகோணமலையிலிருந்து ஹொங்கொங் வந்து மூன்று மாதத்தில் நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஹொங்கொங்கின் தனி முறைமைக்குச் சீனா கொடுத்த 50 வருட வாக்குறுதி முடிகிற 2047ஐச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, சம்பளக் காசை இங்கே வைத்திருக்கலாமா? 1997இல் ஹொங்கொங்கைச் சீனாவிடம் திருப்பிக் கொடுப்பது பற்றி 1982–84இல் லண்டனும் பீஜிங்கும் இரண்டு வருடம் கதைத்துக்கொண்டிருந்தபோது சனம் எப்படித் தாங்கியது? இரண்டாவதைப் பிடித்தால் முதலாவது தானாக விளங்கும்.

பிரச்சினை தொடங்கியது காணியில். ஹொங்கொங்கின் பெரும்பகுதியான புதிய பிரதேசங்களை பிரித்தானியா 1898இல் சீனாவிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே கொடுத்த காணிக் குத்தகைகள் எல்லாம் 1997 ஜூன் 27உடன் முடிகிற மாதிரி எழுதப்பட்டவை. 15 வருடத்துக்கு வீட்டுக்கடன் கொடுக்கிற வங்கிக்கு 1982இலேயே கணக்கு இடித்தது. 1979இல் ஹொங்கொங்கின் பிரித்தானிய ஆளுநர் மக்லிஹோஸ் பீஜிங் போய் இதைக் கேட்டார். முதலீட்டாளர்களை மனநிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள் என்றார் சீனத் தலைவர் டெங் சியாவோபிங். அந்தச் சொல்லால் எந்தக் குத்தகையிலும் ஒரு நாள் கூடவில்லை.

பேச்சு இரகசியம். ஒவ்வொரு சுற்று முடியவும் சின்ன அறிக்கை ஒன்றுதான் வரும். 1983 ஜூலையில் முதல் சுற்று 'பயனுள்ளதாகவும் ஆக்கபூர்வமாகவும்' இருந்தது என்றார்கள். செப்டெம்பரில் நான்காம் சுற்று முடிந்தபோது அந்த இரண்டு சொல்லும் இல்லை. சனத்துக்கு வேறு செய்தி இல்லாதபடியால் அதுவே செய்தியாகிப்போனது. செப்டெம்பர் 24, சனிக்கிழமை, ஹொங்கொங் டொலர் ஒரு அமெரிக்க டொலருக்கு 9.60 வரை விழுந்தது. கடைகளில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் நெரிசல்.

பயம் மட்டும் காரணமில்லை. 1982இல் வெளிநாட்டு நாணய வைப்பு வட்டிக்கான வரியை எடுத்துவிட்டு, ஹொங்கொங் டொலர் வட்டிக்கு 10 வீத வரியை விட்டுவைத்தார்கள். காசு வெளியேற அரசாங்கமே வாசலைத் திறந்து வைத்தது போல. என் கணிப்பில் அந்த வருடங்களின் மிகப் பெரிய பிழை இதுதான்.

அக்டோபர் 17இல் அந்த வரியை நீக்கி, ஒரு அமெரிக்க டொலருக்கு 7.80 ஹொங்கொங் டொலர் என்று பெறுமதியைக் கட்டிவைத்தார்கள். நோட்டு அடிக்கிற வங்கி ஒவ்வொரு 7.80க்கும் ஒரு அமெரிக்க டொலரை ஹொங்கொங் அரசாங்கத்தின் நாணயமாற்று நிதியத்தில் (Exchange Fund) கட்டினால்தான் நோட்டு வெளியே வரும். பேச்சு முடிய இன்னும் ஒரு வருடம் கிடந்தது; நாணயம் அதற்குள் நின்றுவிட்டது.

1984 ஏப்ரலில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் ஹவ் இங்கே வந்து, 1997க்குப் பிறகும் பிரித்தானிய நிர்வாகம் தொடரும் என்று நினைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார். கசப்பான செய்தி. என்றாலும் நேரே சொல்லப்பட்டது, சனம் திட்டமிட முடிந்தது. செப்டெம்பர் 26இல் இரு நாடுகளும் சுருக்கொப்பமிட்ட கூட்டறிக்கையின் மூன்றாம் இணைப்பு, காணிக் குத்தகைகளை 2047 ஜூன் 30 வரை நீட்டலாம், 1997 வரை புதுக் காணி வருடத்துக்கு 50 ஹெக்டேயர் மட்டும் கொடுக்கலாம் என்று எழுத்தில் வைத்தது. சனத்தின் கருத்தையும் கேட்டார்கள்தான். ஆனால் வாசகத்தில் ஒரு எழுத்தையும் மாற்ற இடம் கொடுக்கவில்லை. அந்த மனக்குறை நியாயமானது.

எங்கட திருகோணமலைச் சீனன்குடா எண்ணெய்க் குதங்களை நினைத்துப் பாருங்கள். 1987இல் இந்தியாவும் இலங்கையும் அவை பற்றிக் கடிதம் பரிமாறி, 99 குதங்களையும் யாருக்கு எத்தனை என்று பிரித்தெழுத 2022 ஜனவரி ஆனது. இடையில் ஊரில் உலவியதெல்லாம் வதந்தி.

இனி உங்கட காசு. 7.80 இன்றும் நிற்கிறது, 7.75க்கும் 7.85க்கும் இடையில். வங்கி முறிந்தாலும் காசு திரும்பக் கிடைக்கிற வைப்புப் பாதுகாப்பு ஒரு வங்கியில் ஒருவருக்கு 8 இலட்சம் ஹொங்கொங் டொலர் வரை. அதற்கு மேல் சேர்ந்தால் இன்னொரு வங்கியில் போடுங்கள். 2047 காணிக் கேள்விக்கும் 2024இலேயே சட்டம் வந்துவிட்டது: பொதுவான குத்தகைகள் மேலதிகக் கட்டணமின்றி 50 வருடம் நீளும், வருட வாடகை மதிப்பீட்டுப் பெறுமதியில் 3 வீதம். நீங்கள் கவனிக்க வேண்டியது மற்றப் பக்கம். 2022இல் சில கிழமைக்குள் அமெரிக்க டொலருக்கு 200 அளவிலிருந்து 360 வரை போனது இலங்கை ரூபாய். அம்மாவின் மாதச் செலவுக்குத் தேவையானதை மட்டும் மாதா மாதம் அனுப்புங்கள். மிச்சம் இங்கேயே இருக்கட்டும்.