ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, இனி?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலை ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு பக்கம் தோட்டத்து லயத்திலேயே (வரிசை வீட்டிலேயே) தங்கியிருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பாதிப் பேர் உடம்பு தேறுவதற்குள் வேலைக்குப் போகத் துடிக்கிறார்கள். மீதிப் பேரைப் பச்சை உடம்பு என்று சொல்லி வீட்டில் பட்டினி போடுகிறார்கள். இரண்டும் கெடுதல் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

டாக்டரம்மா, எனக்கு 44 வயசு. கோட்டயத்துல வயித்தைக் கிழிச்சு கர்ப்பப்பையை எடுத்து ஒரு மாசம் ஆச்சு. தையல் நல்லா காஞ்சிருச்சு. காய் எடுப்பு ஆரம்பிச்சதால கங்காணி வரச் சொல்லிக்கிட்டே இருக்காரு. போகலாமா? (கூடலூர்)

இப்போது வேண்டாம் தாயி. காய்ந்திருப்பது மேல்தோல் மட்டும். அதற்கடியில் வயிற்றுச் சுவரில் கெட்டியான சவ்வு ஒன்று இருக்கிறது. முக்கியமான தையல் அங்கேதான். அது மெதுவாகத்தான் கூடும். மூன்று மாதம் ஆனாலும் பழைய பலத்தில் 80 சதவீதம் அளவுக்குத்தான் திரும்பும். நீங்கள் செய்கிற வேலையை நினைத்துப் பாருங்கள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில் இருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்து பறிக்க வேண்டும், இடுப்பில் கனக்கிற பையோடு எழுந்து அடுத்த தூருக்கு நகர வேண்டும், அதுவும் சரிவில், வழுக்குகிற மண்ணில். ஒவ்வொரு தடவை முக்கி எழும்போதும் வயிற்றுக்குள் ஏறுகிற அழுத்தம் அந்தத் தையலைத்தான் தள்ளும். அது விட்டுக்கொடுத்தால் அந்த இடத்தில் குடல் பிதுங்கும். மறுபடி ஒரு ஆபரேஷன்.

ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கேஸ் சிலிண்டர் எதையும் தூக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால், முதலில் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலை கேளுங்கள், அதையும் ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிற மாதிரி. சரிவில் ஏறிக் காய் எடுப்பதை மூன்று மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கங்காணியிடம் வாயால் சொல்லத் தயக்கமாக இருந்தால் டாக்டரிடம் எழுதி வாங்கிக் காட்டுங்கள். கூலி போகிற கஷ்டம் சின்னதல்ல, தெரியும். ஆனால் இரண்டாவது ஆபரேஷன் வந்தால் ஒரு சீசனே போய்விடும்.

அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். காலையும் மாலையும் சமதரையில் நடங்கள். இருமலோ தும்மலோ வந்தால் மடித்த துண்டை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜீப்பில் போக நேர்ந்தாலும் அப்படியே, முன் சீட்டில். துணி நனைகிற அளவுக்கு ரத்தம் போனாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் சினைப்பையையும் எடுத்ததாக எழுதியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்திருந்தால் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், எலும்பும் வலுவிழக்கும். அதற்கு வைத்தியம் உண்டு, பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

மகளுக்கு சிசேரியன் ஆகி பத்து நாள் ஆகுது. தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும், முட்டை, பருப்பு சாப்பிட்டா சீழ் வைக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க. முதுகுல ஊசி போட்டதால இடுப்பு வலியும் இருக்கு. (கம்பம்)

உங்கள் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்த இரண்டு தடையையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். புதுச் சதை வளர்வது புரதத்தில். முட்டை, பருப்பு, மீன், பயறு இல்லாமல் எதை வைத்துப் புண் ஆறும்? சீழ் வைப்பது கிருமியால், சாப்பாட்டில் வருவதில்லை. பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் தாராளமாகப் போடுங்கள், அந்தப் பத்தியம் நல்லது. தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், ஒன்றுக்கு எரியும், பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் உறைகிற ஆபத்தும் கூடும். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். கேரளத்துப் பக்கம் செய்கிற மாதிரி பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீரானாலும் சரிதான். வயிறு பெரிதாகத் தெரிவது தண்ணீரால் அல்ல. விரிந்த தசையும் கர்ப்பப்பையும் சுருங்க நாளாகும்.

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கிற இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை. வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும்போது கூனிக் குனிந்து பால் கொடுப்பதால் வருவதுதான் பெரும்பாலும். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து, பிள்ளையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தையல் மேல் மஞ்சளோ எண்ணெயோ தடவாதீர்கள்.

லேப்ராஸ்கோப்பியில பித்தப்பையை எடுத்தாங்க. வயிறு பரவாயில்லை, தோள்பட்டை ஏன் வலிக்குது? (போடி)

ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்புவார்கள். அதில் மிச்சம் இருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அங்கே போகிற நரம்பின் வலி தோளில் தெரியும். எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே காட்டுங்கள்.

ஹெர்னியாவுக்கு வலை வச்சு தைச்சிருக்காங்க. நான் லோடுமேன். எப்ப மூட்டை தூக்கலாம்? (குமுளி)

ஆறு வாரம் வரை மூட்டைப் பக்கமே போகாதீர்கள் தம்பி. அதற்குப் பிறகும் எடுத்த எடுப்பில் 50 கிலோ வேண்டாம். சின்னச் சுமையில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போங்கள். பீடி குடிப்பவரானால் நிறுத்த இதைவிட நல்ல நேரம் கிடையாது. புகை புண்ணை ஆறவிடாது, பீடி இருமல் தையலை இழுக்கும். கக்கூஸில் முக்கக் கூடாது என்பதால் கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி நாலு நாள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமான்னு கேக்குறாங்க. (உத்தமபாளையம்)

கூடாது. கழுத்துக்குக் கீழே குளிக்கட்டும். முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தலைக்குக் குளிப்பதை டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்து அவர் கசக்கிவிடுவாரோ என்பதுதான் என் பயம். இரண்டு சொட்டு மருந்து கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள், கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். தாய்ப்பால், பன்னீர் எதுவும் கண்ணில் விடாதீர்கள். கண் சிவந்து வலி கூடினாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தொடை எலும்பு ஆபரேஷன் பண்ணி மூணு வாரம். ஒரு கால் மட்டும் கெண்டைக்கால் வீங்கி இறுகி வலிக்குது. தைலம் தேய்க்கலாமா? (வண்டன்மேடு)

தேய்க்கவே கூடாது. இவரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே இருக்கிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு குத்தினாலோ 108. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அதே நம்பர்தான்.

ஆபரேஷன் கேரளாவுல. தையல் பிரிக்க, கட்டு மாத்த இங்க பக்கத்துல போனா பார்ப்பாங்களா? (கம்பம்)

பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதை போனில் படம் எடுத்தும் வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாப்பிட்டால் அதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

எனக்கு சுகர் இருக்கு. தோட்டத்துல அட்டை கடிச்ச இடத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குது. (லோயர் கேம்ப்)

அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. பிய்த்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சுத்தமான துணியால் கால் மணி நேரம் விடாமல் அழுத்துங்கள். சுகர் உள்ளவருக்கு அந்தச் சின்னப் புண்ணே பெரிதாகலாம். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியதும் விரல் இடுக்கையெல்லாம் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலில் புண்ணோடு சேற்றில் நிற்கிறவர்களுக்கு எலி மூத்திரத்தால் பரவுகிற எலிக்காய்ச்சலும் வரலாம். மழைக்காலத்தில் கேரளத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதைத் தடுக்க வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருந்துக் கடை மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, ஏலத்தோட்டத்தில் ஈரத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.