மனவிழிப்பு நூல்கள் இன்றும் ஏன் ஈர்க்கின்றன?

மனவிழிப்பு (mindfulness) என்பது இக்கணத்தில் நடப்பதைக் கவனித்திருக்கும் பயிற்சி. புத்த சமயத்தைச் சேராதவர்களும் அதுபற்றிய நூல்களை விரும்பிப் படிப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவை நம்பிக்கையைக் கேட்காமல் கவனத்தை மட்டும் கேட்பதே முதற்காரணம் என்பது என் கருத்து. பாலி மொழியில் ‘சதி’ எனப்படும் இப்பயிற்சியை, புத்தரின் உபதேசமான சதிபட்டான சூத்திரம் உடல், உணர்ச்சி, மனம், மன நிகழ்வுகள் ஆகிய நான்கின்மேல் நிறுத்துகிறது. தொடங்குவதோ எல்லோரிடமும் உள்ள மூச்சிலிருந்துதான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அம்மா விடியுமுன் நெற்றிவிளக்குடன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். கத்தி சற்றே ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மேலோட்டமாக நின்றாலோ பால் குறையும். இத்தகைய நூலொன்றை வாசித்துக் காட்டியபோது, “மரத்துக்கிட்ட நிக்கிறப்ப வேற நெனப்பு ஆகாதுய்யா” என்றார்.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், போர்க்காலத்தில் சமூகப் பணியாற்றிய தோழர் ஒருவருக்கு 1974இல் எழுதிய நீண்ட கடிதமே பின்னர் உலகெங்கும் பரவிய நூலாயிற்று. நெருக்கடியில் உழைப்பவர்களுக்காக எழுதப்பட்டதால், பாத்திரம் கழுவுவதையும் பயிற்சியாகக் காட்டும் அதன் கனிவு, மாற்றுநேர வேலை முடித்துத் திரும்பும் இன்றைய வாசகரையும் நேராகத் தொடுகிறது. 1979இல் ஜான் கபாட்-சின் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாசசூசெட்ஸில் மனவிழிப்பை மன அழுத்தத்துக்கான மருத்துவப் பயிற்சியாக்கியபின், மருத்துவர்களும் பரிந்துரைக்கத் தொடங்கினர்.