மாரத்தான்ல ஓடுற தம்பிக்கு சைக்கிள்ல கூடவே போய் தண்ணி குடுக்கலாமா?

குடுக்காதீங்க. 2024 மே மாசம் கலிஃபோர்னியா ஆரஞ்ச் கவுன்டி மாரத்தான்ல இதேதான் நடந்துச்சு, முதல்ல வந்த பையனுக்கு அவங்கப்பா சைக்கிள்ல வந்து தண்ணி குடுத்தாருன்னு டிஸ்குவாலிஃபை பண்ணி ரெண்டாவது வந்தவர வின்னர் ஆக்கிட்டாங்க.

ரூல் என்னன்னா, தண்ணி, எனர்ஜி ஜெல் எல்லாம் ஸ்டார்ட்லருந்தே கையில எடுத்துட்டு ஓடலாம், இல்ல ரேஸ் நடத்துறவங்க வழில வச்சிருக்க அபிஷியல் ஸ்டேஷன்ல வாங்கிக்கலாம், வேற எங்கயும் வெளியாள்கிட்ட வாங்கக்கூடாது. கூட ஓடுற இன்னொரு ரன்னர் தன் பாட்டில நீட்டுனா வாங்கிக்கலாம், ஆனா ஒரே ஆளு விடாம சப்ளை பண்ணிட்டே வந்தா அதையும் உதவின்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு.

பேஸரும், அதாவது வேகத்த சீரா வச்சுக்க உதவியா கூட ஓடுறவரும் அப்படித்தான், ரேஸ்ல கலந்துக்கிட்டு ஸ்டார்ட்லருந்து ஓடுறவரா இருக்கணும். 2019ல வியன்னால கென்யா ஓட்டக்காரர் கிப்சோகே மாரத்தான 1 மணி 59 நிமிஷம் 40 செகண்ட்ல ஓடுனது ரெக்கார்டா ஏறாததுக்கு இதான் பெரிய காரணம், பேஸர்ங்க பாதில மாறி மாறி வந்தாங்க, சைக்கிள்ல வந்து ட்ரிங்க்ஸ் வேற குடுத்தாங்க. ஓடுனது அவர் கால்தான், அதுல சந்தேகமே இல்ல, ரூல்தான் ஒத்துக்கல.

கீழ விழுந்தா? எழுந்து நிக்க கை குடுக்கலாம், மெடிக்கல் டீம் செக் பண்ணலாம், அதெல்லாம் தப்பில்ல. தாங்கிப் பிடிச்சு முன்னாடி கூட்டிட்டுப் போனாதான் சிக்கல். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல இத்தாலி ஓட்டக்காரர் டொராண்டோ பியெட்ரி மாரத்தான்ல முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள வந்து திரும்பத் திரும்ப விழுந்தாரு, அபிஷியல்ஸே தூக்கி விட்டு லைனத் தாண்ட வச்சாங்க, தங்கம் போச்சு, பாவம் அவர் உதவி கேக்கக்கூட இல்ல. மறுநாள் இங்கிலாந்து ராணி அலெக்ஸாண்ட்ரா கூப்பிட்டு ஒரு கப் குடுத்தாங்க.

நீங்க ஓரமா நின்னு கத்துங்க, அதுக்குத் தடையில்ல.