கணக்கேட்டில் அப்பா பெயர் இல்லை

ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகி): கப்பலில் குழந்தைகளையும் ஏற்றினார்களா? வயது எப்படித் தெரியும்?

பதில்: ஏற்றினார்கள். அட்லாண்டிக் கடலைக் கடக்க ஏற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் குழந்தை. வயதைக் கணிக்க உயரத்தைப் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். 1761-ல் பாஸ்டனில் இறங்கிய ஒரு சிறுமிக்கு முன்பல் விழுந்திருந்தது. சரி, ஏழு வயது இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். வந்த கப்பலின் பெயர் பிலிஸ். அதையே அவளுக்கும் வைத்துவிட்டார்கள். 1773-ல் கவிதைத் தொகுப்பு வெளியிட்ட பிலிஸ் வீட்லி அவள்தான். பெற்றோர் வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை.

கேள்வி (கோவை): அப்பா வெள்ளைக்காரராக இருந்தால் பிள்ளைக்கு விடுதலை உண்டா?

பதில்: கிடையாது. இங்கிலாந்தில் பிள்ளை தகப்பன் வழி. காலனிகளில் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் ஆங்கிலேயர் என்று வழக்காடி 1656-ல் விடுதலை பெற்றார். 1662-ல் சட்டமே வந்துவிட்டது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஜமைக்காவிலும் இதே நடைமுறைதான். பசு யாருடையதோ கன்றும் அவருடையது என்ற கணக்கு. துரை தனக்குப் பிறந்த பிள்ளையையே சொத்தாக வைத்துக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஜமைக்காவில் 1817-ல் தொடங்கிய அடிமைப் பதிவேடுகளில் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு நேரே தாயின் பெயரைத்தான் எழுதினார்கள்.

கேள்வி (திருச்சி): எத்தனை வயதில் வேலைக்குப் போனார்கள்?

பதில்: ஐந்தாறு வயதில். தோட்டத்து ஆட்களை மூன்று கும்பலாகப் பிரிப்பார்கள். முதல் கும்பல் கரும்பு நடக் குழி வெட்டும். அதில் பெண்களே மிகுதி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது, குழந்தைகளின் கும்பல். களை பிடுங்குவது, மாட்டுக்குப் புல் சேர்ப்பது இவர்கள் வேலை. கையில் குச்சியோடு ஒரு கிழவி இவர்களுக்குக் கங்காணி. அவளும் அடிமைதான், குழி வெட்டித் தேய்ந்தவள்.

கேள்வி (செவிலியர், வேலூர்): பிறந்த குழந்தைகள் ஏன் அவ்வளவு பேர் இறந்தார்கள்?

பதில்: முக்கியமான காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: தொப்புள்கொடி வழியாக வரும் ரணஜன்னி (டெட்டனஸ்). பிறந்து ஒன்பது நாள் தாண்டினால்தான் பிள்ளை தங்கும் என்று தாய்மார் நம்பினார்கள். அதுவரை அதைப் பிள்ளையாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். துரைமார் தாயையும் மருத்துவச்சியையும் குறை சொன்னார்கள். கர்ப்பிணியைக் குழி வெட்ட அனுப்பியது யார் என்று எழுதிக்கொள்ளவில்லை! பிழைத்த பிள்ளைக்குப் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பார்கள். இது இன்றைய கானா பக்கத்து அக்கான் மக்களின் வழக்கம். திங்கள் பிறந்த ஆண் கட்ஜோ, வெள்ளி பிறந்த பெண் ஃபிபா. அப்பா பெயர் இல்லாத ஏட்டில் இந்தப் பெயர்கள் மட்டும் தப்பியிருக்கின்றன.

கேள்வி (சென்னை): நல்ல எஜமானர்களும் இருந்திருப்பார்களே?

பதில்: இருக்கட்டும். அவர் கடன்பட்டாலோ செத்தாலோ குடும்பம் ஏலத்துக்கு வரும். அந்த ஏலத்தில் அவருடைய நல்ல குணம் யாருக்கு உதவும்?

கேள்வி (மொரிஷியஸ் தமிழர்): எங்கள் முன்னோர் கூலிகளாக வந்ததும் இதே அடிமைத்தனம்தானே?

பதில்: கொடுமைகள் உண்டு, ஏமாற்றும் உண்டு. ஆனாலும் ஒன்றாக்க மாட்டேன். ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்தது; பிள்ளை துரைக்குச் சொத்தாகப் பிறக்கவில்லை. அடிமை முறை போனதும் அந்த வேலைக்குத்தான் நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்பதும் உண்மை.

கேள்வி (ஈரோடு): 1834-ல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தபோது எல்லோரும் விடுதலையா?

பதில்: ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் உடனே விடுதலை. மற்றவர்கள் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் 1838 வரை அதே வயலில். நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, அதுவும் எஜமானர்களுக்கு! சின்னப் பிள்ளைகளையும் தொழில் பழகுநராகத் தரச்சொல்லித் தாய்மாரை நெருக்கினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கிழவிகளை நிறுத்தினார்கள், பால் கொடுக்கும் நேரத்தைப் பிடுங்கினார்கள். ஜமைக்காவில் சம்மதித்த தாய்மார் மிக மிகக் குறைவு. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு குழி வெட்டப் போனார்கள், கொடுக்கவில்லை.