கேளுங்க, சொல்றேன்: ஏ.ஐ. வரையட்டும், வெர்னியர் யார் பிடிப்பா?

இந்த தடவை வந்த கேள்வியில பாதி ஒரே விஷயம்தான், எழுதிக் குடுத்தா மெஷின் பார்ட்ட வரைஞ்சு தர்ற ஏ.ஐ. கம்பெனிங்க. அதனால ஜாதகம் கேட்டவங்க, லோன் கேட்டவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

டைப் பண்ணினா பார்ட் வருதுன்னு சொல்றாங்களே, நெசமா, இல்ல சும்மா படம்தானா? (ஹட்டன், ஒரு மாணவி)

நெசம்தான்மா. அமெரிக்காவுல ஸூன்னு ஒரு ஸ்டார்ட்அப், முன்னாடி கிட்டிகேட்ன்னு பேரு, 2023 டிசம்பர்ல டெக்ஸ்ட் டூ கேட்ன்னு ஒண்ண விட்டாங்க (கேட்ன்னா கம்ப்யூட்டர்ல பார்ட் வரையிறது). நாலு ஓட்டை போட்ட ஃப்ளேஞ்ச் (பைப்ப மாட்டுற தட்டு) வேணும், இத்தனை மில்லிமீட்டர்ன்னு எழுதினா, மத்த கேட் சாஃப்ட்வேர்லயும் திறக்குற ஸ்டெப் ஃபைலாவே இறக்கிக்கலாம். அதுதான் முக்கியம், ஏன்னா எஸ்.டி.எல். ஃபைல்ல வட்டம்ன்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் குட்டிக் குட்டி முக்கோணம், 3டி பிரிண்டருக்கு ஓகே, ஆனா அதுல ஒரு ஓட்டைய அரை மில்லி பெருசாக்கணும்னா அழுகைதான் வரும். ஸ்டெப்ல வட்டம் வட்டமாவே இருக்கும். இன்னொண்ணு, சொலிட்வர்க்ஸ், ஒன்ஷேப்ங்கிற கேட் சாஃப்ட்வேர் ரெண்டுமே பேரசொலிட்ங்கிற பழைய கெர்னல் (உருவத்த கணக்குப் போடுற என்ஜின்) மேலதான் ஓடுது, ஸூக்காரங்க அந்த ஜியோமெட்ரி என்ஜினையும் சொந்தமா எழுதியிருக்காங்க, பார்ட்ட கேசிஎல்ன்னு ஒரு கோடாவும் தர்றாங்க. நம்பர மாத்தினா பார்ட் மாறும். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிச்சிருக்கு, பேசுற பக்கம் இல்ல.

மகன் ஏ.எல். முடிச்சிட்டான், கேட் கோர்ஸ் சேர்க்கலாமா, ஏ.ஐ. வந்தா அந்த வேலை இருக்குமா? (பண்டாரவளை, ஒரு அம்மா)

சேருங்கம்மா, ஏ.ஐ. வரையும், ஆனா அளக்காது. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: புள்ளைங்க கையில வெர்னியர், மைக்ரோமீட்டர் மாதிரி அளக்குற கருவி குடுப்பீங்களா? எந்த பட்டன எங்க அமுக்குறதுன்னு மட்டும் சொல்லித் தர்ற இடம்னா வேணாம், அத ஃப்ரீகேட்ங்கிற இலவச சாஃப்ட்வேர வச்சு வீட்டுலயே படிக்கலாம், சல்லி காசு செலவில்ல, 2024 நவம்பர்ல அதோட 1.0 வெர்ஷனும் வந்திருச்சு.

தேயிலை ரோலர்ல ஒரு கன்மெட்டல் புஷ் (ஷாஃப்ட் சுத்துற வளையம்) தேஞ்சு ஆடுது. கழட்டி அளந்து ஏ.ஐ.கிட்ட குடுத்தா வரைஞ்சிருமா? (தலவாக்கலை, பெக்டரி பிட்டர்)

வரைஞ்சிரும் அண்ணே, சிக்கலே அங்கதான். பழைய புஷ்ஷோட உள்விட்டத்துல வெர்னியர் வச்சா ஒரு பக்கம் 51.4 காட்டும், திருப்பி வச்சா 51.1 காட்டும், ஏன்னா லோடு விழுற பக்கம்தான் தேஞ்சிருக்கு. நீங்க 51.4ன்னு எழுதினா அதுவும் அழகா 51.4 போட்டு, கலரடிச்சு, தேஞ்சுபோன புஷ்ஷையே புதுசா வரைஞ்சு தரும். நம்ம பெக்டரிகள்ல பழைய மெஷின் பாதி வெள்ளக்காரன் காலத்துல இங்கிலாந்துலேர்ந்து வந்தது, அவன் இஞ்சில யோசிச்சவன், அது ரெண்டு இஞ்சு, அதாவது 50.8. ஷாஃப்ட்ட அளக்கும்போதும் புஷ் ஓடின இடத்துல அளக்காதீங்க, கொஞ்சம் தள்ளி உரசாத இடத்துல அளந்து பாருங்க, ரெண்டு இஞ்சுதானான்னு அப்பவே தெரிஞ்சிரும்.

அதுக்கப்புறம் ஃபிட், அதாவது துளையும் ஷாஃப்ட்டும் எவ்வளவு தளர்வா பொருந்தணும்ங்கிறது. ஹெச்7, எஃப்7 எல்லாம் அதுக்கான ஸ்டாண்டர்ட் கிரேட். இந்த சைஸுக்கு ஹெச்7 துளைன்னா 0.030 மி.மீ. வரைக்கும் பெருசா இருக்கலாம், எஃப்7 ஷாஃப்ட்டுன்னா 0.030லேர்ந்து 0.060 வரைக்கும் சின்னதா இருக்கணும், அந்த இடைவெளியிலதான் எண்ணெய் நிக்கும். புஷ்ஷ ஹவுசிங்ல அடிச்சு ஏத்தினதும் உள்விட்டம் கொஞ்சம் இறுகும், அதனால ஏத்தின பிறகு ரீமர் (துளைய நுணுக்கமா சீவுற டூல்) போட்டு முடிங்க. ஷாஃப்ட்டும் தேஞ்சிருந்தா மொதல்ல அத லேத்துல ஏத்தி சீவி, வந்த அளவுக்கு புஷ் கடைங்க, ரெண்டு இஞ்ச மறந்திருங்க.

போல்ட்டுலயும் இதே கூத்துதான். விட்வர்த்ங்கிற பழைய இங்கிலீஷ் புரியில அரை இஞ்சு போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 புரி, கோணம் 55 டிகிரி, ஏ.ஐ.கிட்ட சும்மா "போல்ட் ஓட்டை, பன்னண்டு மில்லி கிட்ட"ன்னா மெட்ரிக் எம்12, 1.75 மி.மீ. பிட்ச், 60 டிகிரின்னு போட்டுரும். பழைய போல்ட் அதுல உக்காராது. நீங்களே "விட்வர்த்"ன்னு எழுதிக் குடுங்க.

நாங்க ரெண்டு பேரு, பேராதனையில இன்ஜினியரிங் முடிச்சோம். தேயிலை மெஷின் பார்ட்டுக்கு ஏ.ஐ. ஸ்டார்ட்அப் பண்ணலாமா? (பதுளை)

பண்ணுங்க, ஆனா கெர்னல் எழுத உக்காந்திராதீங்க, ஓபன் கேஸ்கேட்ன்னு ஒரு கெர்னல் இலவசம், அது மேல பைத்தான்ல கேட்குவெரின்னு ஒரு லைப்ரரி இருக்கு, அது போதும். பஞ்சம் ஏ.ஐ.க்கு கத்துக்குடுக்குற டேட்டாவுக்குத்தான். போட்டோன்னா நெட்டுல கோடிக்கணக்குல கெடக்கு, ஒரு பார்ட்ட எப்படி படிப்படியா வரைஞ்சாங்கன்ற ஹிஸ்டரிய எந்த கம்பெனியும் வெளிய விடாது. 2021ல வந்த டீப்கேட் டேட்டாசெட்ல 1,78,238 மாடல் இருக்கு, பெருசாத்தான் தெரியும், ஆனா எல்லாம் ஸ்கெட்ச் போட்டு இழுத்து எடுத்த உருவம்தான், அதுல நம்ம ரோலர் கிராங்கையும் ட்ரையர் தட்டையும் தேடிக்கிட்டு இருக்காதீங்க. அத நீங்கதான் தோட்டம் தோட்டமா போயி, பிட்டர்மாரோட உக்காந்து, எது எங்க தேயும்ன்னு கேட்டு சேர்க்கணும். மேல தலவாக்கலை அண்ணன் கேட்டதையே எடுத்துக்குங்க, தேஞ்ச அளவக் குடுத்தா ஒரிஜினல் அளவ யூகிச்சு "இது ரெண்டு இஞ்சா?"ன்னு திருப்பிக் கேக்குற சாஃப்ட்வேர் பண்ணினீங்கன்னா நானே நாலு பெக்டரிக்கு சொல்லிவிடுறேன். ஒண்ணு மட்டும் கவனம், ஒன்ஷேப் இலவச கணக்குல வரையிறதெல்லாம் உலகமே பாக்கலாம், கம்பெனிக்காரன் குடுத்த ட்ரோயிங்க அதுல போட்டா மறுநாள் பெக்டரி வாசலுக்குள்ள விடமாட்டான்.

எங்க டிவிஷன்ல சிக்னலே இல்ல, இதெல்லாம் ஓடுமா? (மஸ்கெலியா)

ஏ.ஐ. ஓடாது. ஃப்ரீகேட் ஓடும். டவுனுக்கு போறப்ப இன்ஸ்டால் பண்ணிக்கிட்டு வந்திருங்க.